தொண்ணூற்றொன்பது விழுக்காடு

காலை முழுவதும் தண்ணீர் சுத்திகரிக்கும் பகுதியில் வேலை பார்த்துவிட்டு ஓரிசியா கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபோது, நீராவியைக் கவனிக்கும் வெர்ன் எல்லோருக்கும் டோனட் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய திரையில் தொண்ணூற்றொன்பது என்ற எண் பச்சையில் நின்றது.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. இப்படி ஒரு நம்பரை உன் பேரன் கூட பாக்க மாட்டான்," என்றார் வெர்ன்.

பழுப்பு நிலக்கரி எரிக்கும் அந்த மின் நிலையத்தில், கொதிகலனிலிருந்து வரும் புகையை ஓர் உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். மேலிருந்து வழியும் திரவம் புகையில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திரவத்தை நீராவியால் சூடாக்கினால் வாயு தனியாகப் பிரியும். அதை அழுத்திக் குழாயில் அனுப்பிப் பூமிக்கு அடியில் இறக்குவார்கள். பிடிபடாமல் தப்பும் மிச்சம் புகைபோக்கி வழியாக வெளியே போகும். எவ்வளவு தப்புகிறது என்று அங்கே ஒரு கருவி அளக்கும்; அதை வைத்துத்தான் பிடிபட்ட விழுக்காடு திரையில் வரும். அந்தக் கருவி ஓரிசியாவின் பொறுப்பு.

இந்த மாதம் சோதனை மாதம். சராசரியாக நூற்றுக்குக் குறைந்தது தொண்ணூறு பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிப்பு நிலையத்தை மூடிவிடுவதாகத் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. நேற்று வரை எண்பத்தொன்பது புள்ளி ஏழில் இழுபறி. இன்று போக மூன்று நாட்கள்தான் மிச்சம்.

ஓரிசியா டோனட்டைக் கையில் வைத்தபடியே திரையைப் பார்த்தாள். சந்தோஷப்படத்தான் வேண்டும். தன்னால் ஏன் சந்தோஷப்பட முடியவில்லை என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. குளிர் அதிகமானால் திரவம் நன்றாகப் பிடிக்கும், உண்மைதான். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. ஆனாலும் தொண்ணூற்றொன்பதா?

"குழாய்ல எவ்வளவு போகுது?" என்று கேட்டாள்.

"வந்துட்டா பாரு சந்தேகப் பிராணி."

"சும்மாதான் கேட்டேன் வெர்ன்."

அவளே பக்கத்துத் திரையில் பார்த்தாள். பூமிக்கு அடியில் போகும் வாயு நேற்றைவிடக் குறைந்திருந்தது. அதிகமாகப் பிடித்தால் அதிகமாகத்தானே போக வேண்டும்? ஒருவேளை தான் எதையாவது தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று நினைத்து, நேற்றைய கணக்கை எடுத்து மீண்டும் ஒப்பிட்டாள். குறைந்துதான் இருந்தது.

"நீராவியைக் குறைச்சீங்களா?"

"பின்ன? நம்பர்தான் எகிறுதே. எதுக்கு வீணா நீராவி? டர்பைனுக்குக் குடுத்தா கரன்ட்டாவது கூடும்னு குறைச்சேன்."

"நீராவியைக் குறைச்சா பிடிப்பும் குறையணும்ல?"

வெர்ன் வாயைத் துடைத்துக்கொண்டார். "குறையணும்," என்றார் மெதுவாக.

ஷிஃப்ட் பொறுப்பாளர் மார்லிஸ் நாற்காலியைத் திருப்பினாள். "ஓரிசியா, என்ன சொல்ல வர? தெளிவா சொல்லு."

"எனக்கே நிச்சயமாத் தெரியல. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"தப்பா இருந்தா இன்னைக்குக் கணக்கு மொத்தத்தையும் அடிக்கணும். அது தெரியும்ல?"

"தெரியும்."

மார்லிஸ் கடனில் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓரிசியாவுக்கும் அது தெரியும். "சரி, போ," என்றாள் கடைசியில். "வெர்ன், நீங்களும் கூடப் போங்க. இந்தக் குளிர்ல தனியா போக வேண்டாம்."

புகைபோக்கியின் அடியில் கருவி இருக்கும் கொட்டகை. புகையை அதற்குள் இழுத்துவரும் மெல்லிய குழாயைச் சுற்றி, உறையாமல் சூடேற்ற ஒரு மின்கம்பி ஓடும். ஓரிசியா கையுறையைக் கழற்றிக் குழாயைத் தொட்டாள். கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. மின்கம்பியின் பிளக் பனியில் விழுந்து கிடந்தது. சுவரில் அது இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு ஆரஞ்சு வயர் செருகியிருந்தது. அது பனியின் மேல் நீண்டு ஒரு சாம்பல் நிற டிரக்கின் முகப்புக்குள் போனது. வெர்னின் டிரக்.

இரண்டு பேரும் அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வண்டி நிறுத்துற இடத்துல ஒரு பிளக்கும் காலி இல்ல," என்றார் வெர்ன். "எஞ்சினைச் சூடா வைக்கலன்னா சாயங்காலம் ஸ்டார்ட் ஆகுமா? இங்க ஒரு பிளக் பாத்தேன். யாரோ லைட் மாட்டி வெச்சிருக்காங்கன்னு நினைச்சுக் கழட்டிட்டேன்."

ஓரிசியாவுக்கு இப்போது புரிந்தது. குழாய்க்குள் ஈரம் உறைந்து அடைத்துவிட்டது. குளிரில் சுருங்கிய இணைப்பு வழியாகப் பம்ப் வெறும் வெளிக்காற்றை இழுத்திருக்கிறது. கருவியும் புகைபோக்கியில் போவது சுத்தமான காற்று என்று நம்பி எண் சொல்லியிருக்கிறது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பிளக் தானா கழண்டுதுன்னு வேணா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"விடு. மார்லிஸ்கிட்ட நானே சொல்றேன். இப்ப இத எப்படி உருக்குறது?"

"கம்பியைத் திரும்பச் செருகினா உருக சாயங்காலம் ஆயிடும். அடைச்சது இந்த வளைவுலதான்னு நினைக்கிறேன். இதக் கழட்டிடலாம். ஆனா எங்கயாவது சூடான இடம் வேணும்."

வெர்ன் தன் டிரக்கைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சிரிக்காத," என்றார்.

"நான் சிரிக்கல."

"உள்ள சிரிக்கிற."

எஞ்சின் ஒரே திருப்பில் உறுமி ஓட ஆரம்பித்தது. கழற்றிய குழாய்த் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஹீட்டரின் சூடான காற்று முகத்தில் அடிக்க, இருவரும் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து குழாயிலிருந்து தண்ணீர் வெர்னின் முழங்காலில் சொட்டியது. அவர் நகரவில்லை.

குழாயை மாட்டி, இணைப்பை இறுக்கி, மின்கம்பியின் பிளக்கைச் செருகிவிட்டுத் திரும்பியபோது திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்து, தொண்ணூறு, எண்பத்தேழு. எண்பத்து நான்கில் நின்றது.

வெர்ன் உட்கார்ந்து நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட ஆரம்பித்தார். மார்லிஸ் காலையிலிருந்து வந்த கணக்கை ஒவ்வொரு மணியாக அடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் நடந்ததை அப்படியே எழுதினாள்.

"டிரக்னே எழுதிட்டியா?" என்றார் வெர்ன், திரும்பாமலே.

"டிரக்னுதான் எழுதியிருக்கேன். கலர் எழுதல."

அடுத்த மூன்று நாட்களும் எண் தொண்ணூற்றொன்றிலும் தொண்ணூற்றிரண்டிலும் நின்றது. ஓரிசியா மணிக்கொரு முறை பூமிக்குள் போகும் வாயுவோடு அதை ஒப்பிட்டாள்; இரண்டும் ஒத்துப்போயின. ஆனாலும் மாதம் முடிந்தபோது சராசரி எண்பத்தொன்பது புள்ளி ஒன்பது.

"நான் அன்னைக்கு வாயத் திறக்காம இருந்திருக்கலாமோ?" என்று மார்லிஸிடம் கேட்டாள்.

"தெரியல," என்றாள் மார்லிஸ். அவள் பொய் சொல்பவள் அல்ல.

தலைமை அலுவலகத்திலிருந்து வாரக் கடைசியில்தான் போன் வந்தது. மார்லிஸ் நின்றபடியே பேசினாள். ஆமாம், டிரக்தான். இல்லை, அந்த மணிகளைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் தேறியிருப்போம், தெரியும். போனை வைத்த பிறகு இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இன்னும் ஒரு மாசம் குடுத்திருக்காங்க. முதல்லேருந்து."

வெர்ன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ஒரு மாசமா," என்றார். "சரி, நீராவி எவ்வளவு வேணும்?"

ஓரிசியா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.