கை முழுக்க கிரீஸ்

1

வாத்தி முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறான். பிளாஸ்டிக் பைக்குள் ஃபோன் விடாமல் அடிக்கிறது. கூடவே ஒரு பெல்ட், ஒரு ஜோடி ஷூ, ஒரு கைக்கடிகாரம். மருத்துவமனை நர்ஸ் இப்போதுதான் கட்டிக் கொடுத்தாள். [அவள் ஏன் அவ்வளவு இறுக்கி முடிச்சுப் போட்டாள் என்று ஒரு பத்தி எழுதினேன். பாவம், அது அவள் வேலை. அடித்துவிட்டேன்.] பை கிழிந்தது. திரையில் 'வீடு' என்று வந்தது.

பையில் இருந்ததெல்லாம் பல்லியுடையவை. வாத்தியோடு சேர்ந்து லிஃப்ட் பழுது பார்ப்பவன். சுவரில் விறுவிறுவென்று ஏறுவதால் பல்லி. எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் முதலில் அதில் ஒட்டியிருப்பதைப் படிப்பதால் இவன் வாத்தி. பல்லி இறந்துவிட்டதாக டாக்டர் சொல்லிவிட்டுப் போய், வாத்தி இன்னும் உட்காரக்கூட இல்லை.

தொடக்கம் சூடாக இருக்கிறதா? இருக்கும். வாரப் பத்திரிகைத் தொடர்களிலேயே பழகிய கை இது. ஆனால் இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. வாத்தியே கொண்டுவந்து கொடுத்தான். ஒரு மத்தியானம் என் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"எழுதுற ஆளுதானே நீங்க. அந்த ஃபோனை எடுத்து நான் என்ன சொல்லியிருக்கணும்? ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அதை வச்சு நான் தூங்கிக்குவேன்."

அன்றிலிருந்து எந்த ஃபோன் அடித்தாலும் அவன் எடுப்பதில்லை. வேலைக்கும் சரியாகப் போவதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வரிகள்.

2

ஆளரவமற்ற கட்டடம். இருண்ட லிஃப்ட் குழி. அறுந்த கயிற்றின் நுனியில் பல்லி

இல்லை. பழக்கதோஷம். கயிறெல்லாம் நன்றாகவே இருந்தது. வேலை முடிந்து, மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தாடா வாத்தி. கொட்டை இருக்கு. அதையும் படிச்சுப் பாத்துட்டுத் தின்னு."

வாத்தி சிரித்துக்கொண்டே பாதியை வாங்கினான். மறுபாதி உருண்டு படியிறங்கிப் போனது. பல்லி அதை எடுக்கக் குனிகிறான் என்றுதான் வாத்தி நினைத்தான்.

காலமெல்லாம் அந்தரத்தில் தொங்கியவனுக்கு உட்கார்ந்த இடத்தில் சாவு வந்தது. இதை என் பத்திரிகை ஆசிரியரிடம் ஃபோனில் சொன்னேன்.

"சரி, யார் கொன்னது?"

"யாரும் கொல்லலை. நெஞ்சு நின்னுபோச்சு."

"முன்னாடியே ஏதாவது அறிகுறி வைக்கலாமே?"

"ஒண்ணும் இல்ல சார். காலையில ஷூ மாட்டும்போது விசிலடிச்சுக்கிட்டுத்தான் போனாரு."

[இது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.]

"காரணமே இல்லாம ஒருத்தன் செத்தா வாசகர் ஏத்துக்க மாட்டாங்க."

"நானும் ஏத்துக்கலை."

"மெதுவா அனுப்புங்க, அவசரமில்ல," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

3

வாத்தி ஃபோனைக் காதில் வைத்தான்.

"எங்க தொலைஞ்சீங்க? எத்தனை தடவதான் அடிக்கிறது?"

"அண்ணி, நான் வாத்தி."

"ஓ, ஃபோன் எடுக்கக்கூட ஆள் போட்டாச்சா? துரை என்ன பண்றாரு?"

வாத்தி தன் விரல்களைப் பார்த்தான். ஆரஞ்சு வாசனை இன்னும் போகவில்லை.

"கை முழுக்க கிரீஸ், அண்ணி. அதான் நான் எடுத்தேன்."

"நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. போன தடவை கதவுப் பிடியே கறுத்துப்போச்சு. சரி, நீங்களும் அதே வேலைதானே, உங்களையே கேக்கறேன்."

அவள் ஒன்று கேட்டாள். வாத்தி பதில் சொன்னான். அவள் சந்தோஷமாக வைத்துவிட்டாள்.

என்ன கேட்டாள் என்பதைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்கிறேன். தொழில் புத்தி.

4

வாத்திக்காக எழுதிப் பார்த்தவை:

"அண்ணி, பல்லி செத்துட்டான்." தகவலில் பிழையில்லை. எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

"அண்ணி, லேசான மயக்கம்தான், உடனே வாங்க." எல்லோரும் சொல்வது. வழி நெடுக வேண்டிக்கொண்டே வரவைக்கும் வரி. இதைவிடக் கொடுமை உண்டா?

அல்லது, வாத்தி ஃபோனை எடுக்கவே இல்லை. அவள் மறுபடி அடிக்கிறாள். பையை மடியில் வைத்தபடி அவன்

வேண்டாம்.

அவன் சொன்ன பொய்யில் அவளுக்கு ஒரு மத்தியானம் கிடைத்தது. அதில் அவள் துணி மடித்தாள். சட்டையில் ஒரு பொத்தான் தைத்தாள். கதவுப் பிடியைத் துடைத்தாள். பல்லி வந்ததும் திட்டுவதற்கு நல்லதாக ஒரு வசனம் தயார் செய்தாள். சாயங்காலம் வாசலில் வாத்தி தனியாக வந்து நிற்கும்வரை அவள் புருஷன் உயிரோடு இருந்தான்.

யோசித்தால், நாம் எல்லோரும் இருப்பது அப்படியொரு மத்தியானத்தில்தான். இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்கள், பக்கத்து அறையில் யாராவது இருமினால் எரிச்சல்படாதீர்கள். இங்கே ஃபேன் சத்தம் மட்டும்தான். எழுதியதைப் படித்துக்காட்டவும் ஆளில்லை.

5

முடிவு என்னிடம் இல்லை. இதை முடித்ததும் வாத்திக்கு ஃபோன் செய்யப்போகிறேன். எடுப்பானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எடுத்தால், "நீங்க கேட்ட வரி எனக்குக் கிடைக்கலை, நீங்க அன்னிக்குச் சொன்னதைவிட நல்லதா எனக்கு எழுத வரலை," என்று சொல்வேன்.

அந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது.

அன்று என் தொடரில் ஒருவனை லிஃப்டுக்குள் பூட்டிக் கயிற்றை அறுத்துவிட்டிருந்தேன். இம்மாதிரிச் சந்தேகம் வந்தால் நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரரைத்தான். [இவ்வளவு நேரம் பல்லியை 'அவன்' என்று எழுதியது கதைக்காக.] வாத்தி எடுத்தான்.

"லிஃப்ட் கயிறு அறுந்துபோனா உள்ள இருக்கிற ஆள் செத்துடுவாரா?" என்று கேட்டேன்.

"சாக மாட்டாரு, அண்ணி," என்றான் வாத்தி. "விழுறதுக்குள்ள பிரேக் கவ்விப் பிடிச்சுக்கும். பத்திரமா இருப்பாரு."