அக்காவுக்கு எதிரே கறுப்புக் காய்கள்

செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் அக்காவும் தங்கையும் மோத வேண்டும் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. அக்காவுக்கு டிரா கிடைத்தாலே பட்டம் அவளுக்கு. வீட்டில் 'வாலு' என்று பேர் வாங்கிய சின்னவளுக்கோ ஜெயித்தாலும் மூன்றாம் இடம்தான்.

"கொஞ்ச நேரம் ஆடிட்டு டிரான்னு கை குடுத்துடு," என்றார் அப்பா, மாடிப்படியில் அவளை நிறுத்தி. "கோப்பை நம்ம வீட்டுக்குத்தானே வருது."

வாலு மிச்சப் படிகளை ஏறி உள்ளே போனாள். சின்ன வயதிலிருந்தே அவளை அக்காவின் பயிற்சிக்குத்தான் உட்கார வைத்தார்கள். அடுத்த எதிராளி எப்படி ஆடுவாளோ அப்படி இவள் ஆடிக்காட்ட வேண்டும். அக்கா அதை உடைக்க வேண்டும். தன் ஆட்டம் என்று ஒன்றை அவள் வீட்டில் ஆடியதே இல்லை.

பலகையில் காய்கள் பாதிகூடக் குறையவில்லை. அக்கா ஒரு காயை நகர்த்திவிட்டு, "டிரா?" என்றாள்.

வாலு தலையாட்டி மறுத்தாள்.

"அப்பா சொன்னாரில்ல?" அக்கா உதடசையாமல் முணுமுணுத்தாள்.

"அப்பா வேணா வந்து ஆடட்டும்."

நடுவர் நெருங்கி வந்து நின்றார். இருவரும் குனிந்துகொண்டார்கள்.

வாலு தன் யானையைக் கொடுத்து, அக்காவின் ராஜாவுக்குக் காவலாக நின்ற குதிரையை வெட்டினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவும் லேசுப்பட்டவள் அல்ல. அடிக்கு அடி தடுத்தாள். ராஜாவைப் பலகையின் மறுகோடிவரை நடத்திச் சென்றாள். ஆனால் ஒவ்வொரு தடுப்புக்கும் அவள் கடிகாரம் கரைந்தது. கடைசியில் அவசரத்தில் ராணியைத் தப்பான கட்டத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்கும்போதே அவள் முகம் வெளுத்தது. கடிகாரத்தை நிறுத்தி, தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினாள்.

வெளியே அப்பா கொதித்தார். "கூடப் பொறந்தவளையே கவுத்துட்டியே."

"கவுக்கலப்பா. ஜெயிச்சேன். அவளை ஜெயிக்கிறது என்ன சாதாரணமா?"

அக்கா கண் சிவந்து பின்னால் வந்தாள். அப்பாவைத் தாண்டி வந்து தங்கையிடம் கேட்டாள்: "யானையைக் குடுத்தப்பவே முடிவு வரைக்கும் பாத்துட்டியா?"

"பாதிதான்க்கா பாத்தேன். மீதி திமிரு."

"அதான பாத்தேன்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "வா, காயை அடுக்கு. நான் எங்க விட்டேன்னு பாக்கணும்."

"வண்டி காத்திருக்கு," என்றார் அப்பா.

"நீங்க போங்கப்பா," என்றார்கள் இருவரும்.