வீராசாமி சுற்றிய ஆறு கம்பிகள்

அக்காளின் கிட்டாரை அக்காளுக்குத் தெரியாமல் எடுத்து, மெல்லிய முதற்கம்பியை முறுக்கி முறுக்கி அறுத்துவிட்ட அசீம், மாலைக்குள் அதைப் பழையபடி ஆக்கிவிட வேண்டியிருந்தது. அன்று மாலைதான், வாலாஜாபாத்தில் அரிசி ஆலை நடத்தும் வஹாபின் மகள் ஃபர்ஹானாவை அவனுக்குப் பெண் கேட்க, தாயாரும் அக்காள் சைமாவும் அவனோடு புறப்படுவதாக ஏற்பாடு. ஏனாத்தூரில் விரிவுரையாளராக இருந்த சைமா, தன் கிட்டாரைப் பிறர் தொட்டால் பொறுக்கமாட்டாள். அவள் கோபித்துக்கொண்டு வர மறுத்தாலும், போன இடத்தில் வாயைத் திறந்தாலும் காரியம் கெட்டது. ஏனெனில், தான் பெரிய கிட்டார்க்காரன் என்று ஃபர்ஹானாவிடம் அவன் ஆறு மாதமாகக் கைப்பேசியில் அளந்துகொண்டிருந்தான்.

உறைக்குள் புதுக் கம்பிகள் ஒரு கட்டு இருந்தது. சுற்றத்தான் தெரியவில்லை. உத்திரமேரூரில் கம்பி சுற்றுபவர் என்று அவன் அறிந்தவர் ஒருவரே. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்களுக்குக் காயில், அதாவது செம்புக்கம்பிச் சுருள், கட்டித் தரும் வீராசாமி.

வீராசாமி கிட்டாரை மேசைமேல் மல்லாத்தி, தட்டிப் பார்த்தார்.

“இன்னா பாய், இது எத்தினி ஹெச்.பி.?”

“வெளாடாதண்ணா. ஒரு கம்பி அறுந்துட்ச்சி. சாயங்காலத்துக்குள்ள மாட்டணும்.”

“ஒண்ண மட்டும் மாட்றதா? பயசுக்கு நடுவுல புதுசு ஒண்ணு வெச்சா நாளைக்கே பொகைஞ்சிபூடும். சுத்துனா முயுசா சுத்தணும்.”

அசீம் தடுப்பதற்குள், நன்றாயிருந்த ஐந்து கம்பிகளையும் அவருடைய குறடு வெட்டித் தள்ளிவிட்டது.

அதன்பின் அவர் செய்த வேலையில் குற்றம் காண இயலாது. அது மோட்டாராக இருந்திருந்தால். மிகுந்த நீளத்தை வெட்டியெறிவதை வீராசாமி பாவமாகக் கருதுபவர். ஆகவே கம்பியின் முனையை, அதை இறுக்கும் முறுக்காணித் தண்டின் துளையில் செருகி, மிச்சம் முழுவதையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு சுற்றாக, இழையோடு இழை ஒட்ட அடுக்கினார். தண்டில் இடம் தீர்ந்ததும் அதன்மேலேயே இரண்டாம் அடுக்கை ஏற்றினார். கிட்டாரின் தலையில் மூன்று ஆணிகள் இப்பக்கமும் மூன்று அப்பக்கமும் எதிரெதிராக நிற்பதை அவர் பொருட்படுத்தவேயில்லை. ஆறையும் ஒரே திசையில் சுற்றினார்.

“அண்ணா, இந்தப் பக்கம் கம்பி வெளியால சுத்திக்கினு போவுதே?”

“எல்லாம் ஒரே டைரக்‌ஷன்லதான் போவணும் பாய். மாத்திச் சுத்துனா மோட்டாரு தண்ணியத் தூக்காது.”

“இதுல எங்கண்ணா தண்ணி வருது?”

“வரலல்ல? அப்ப முன்ன சுத்துனவன் தப்பா சுத்திக்கீறான்.”

“இரு, ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சிட்டா பத்து வருசத்துக்கு அசையாது” என்று வீராசாமி தூரிகையை எடுத்தபோதுதான் அவன் கிட்டாரை வாரி அணைத்துக்கொண்டு ஓடினான்.

நான்கு மணிப் பேருந்தில் வந்திறங்கிய சைமா, முகம் கழுவியதும் நேரே கிட்டார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வஹாப் மாமுக்குப் பாட்டுன்னா உசுராமே. எடுத்துக்கினு போலாம்.”

“வேணாங்கா, பஸ்ஸுல இடிபடும்.”

“ஒனக்கு எப்பலேர்ந்துடா இதுமேல இவ்ளோ அக்கறை?”

வஹாபின் கூடத்தில் தேநீரும் சமோசாவும் வந்தன. சைமா கிட்டாரை எடுத்து மீட்டினாள். ஒரு கம்பி சற்றே தாழ்ந்து ஒலித்தது. அதை உயர்த்துவதற்காக முறுக்காணியைத் திருப்பினாள். ஒலி மேலும் தாழ்ந்தது. இன்னும் திருப்பினாள், இன்னும் தாழ்ந்தது. கிட்டாரின் தலையைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுபோனவள், நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். தம்பி சமோசாவை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“அக்கா, அத அவுருகிட்ட குடுங்களேன்” என்றாள் ஃபர்ஹானா. “சூப்பரா வாசிப்பாராமே?”

“யாரு, இவனா?”

“கிட்டாரே அவுருதுதானாமே?”

“ஓ, அவுருதா!” சைமா தேனாகச் சிரித்துக் கிட்டாரை அவன் மடியில் வைத்தாள். “வாசிங்க தம்பி. அப்பிடியே சுருதியும் சேத்துருங்க.”

அசீம் முறுக்கினான். கம்பி கொடிக்கயிறுபோலத் தொங்கியது. வஹாப் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆணிகளைக் கூர்ந்து நோக்கினார்.

“அடேயப்பா, இன்னா அயகு! ரெண்டு அடுக்கு, ஒரு சுத்துகூட வெலகல. எங்க மில்லு மோட்டாரும் இப்பிடித்தான் கீது. உத்திரமேரூரு வீராசாமி வேலதானே இது?”

இனி ஒளிவதற்கு இடமில்லை. கிட்டாரைத் திருடியது, கம்பியை அறுத்தது, வாசிக்கவே தெரியாதது எல்லாவற்றையும் அசீம் ஒரே மூச்சில் ஒப்புவித்தான். தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வஹாப் தொப்பை குலுங்கச் சிரித்தார். ஃபர்ஹானா மட்டும் சிரிக்கவில்லை.

“ஆறையும் அவுத்து, இங்கியே ஒக்காந்து ஒயுங்கா சுத்துங்க. அப்பறமா நான் பதில் சொல்றேன்.”

அசீம் தரையில் அமர்ந்தான். சைமா நாற்காலியில் சாய்ந்து அதிகாரம் செய்தாள்.

“தண்டத் தாண்டி ரெண்டு அங்குலம் வுட்டு மடி. ரெண்டு மூணு சுத்து போதும், மேலேர்ந்து கீய எறங்கணும். டேய், கம்பி ரெண்டு பக்கமும் உள்ளாறதான் வரணும்! மிச்சத்த வெட்டு. அயாத, வெட்டு.”

ஐந்து கம்பிகள் முடிவதற்குள் விரல் நுனிகள் ஐந்திலும் இரத்தம் துளிர்த்தது. திசை மாறியிருந்த கடைசிக் கம்பியின்மேல் அவன் கைவைத்தபோது ஃபர்ஹானா தடுத்தாள்.

“அத மட்டும் அப்பிடியே வுட்ருங்க.”

“ஏன்?”

“ரிவர்ஸ்லயே இருக்கட்டும். கண்ணாலத்துக்கு அப்பறம் எங்கிட்ட எதுனா அளந்தீங்கன்னா எடுத்துக் காட்றதுக்கு.”

இதைக் கேட்ட வஹாப், மகளின் சம்மதத்துக்கு அடையாளமாகச் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துவந்து அசீமின் வாயில் ஒரு பிடி போட்டார்.

“ஏம்மா, கிட்டாரு என்னுதும்மா!” என்று ஃபர்ஹானாவிடம் பதறியெழுந்த சைமாவின் வாயிலும் ஒரு பிடி விழுந்தது.