வெர்னா ஒட்டிய சிவப்புச் சீட்டு

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தேதிகூடத் தவறியதில்லை என்று வெர்னா பெட்டிஸ் சொல்லிக் கேட்காத ஆள் சூட்லண்ட் ஊரில் கிடையாது. சர்ச் முடிந்து உருளைக்கிழங்கு சாலட் பரிமாறும்போதும் அதே பாட்டுதான். ஓர் அரசு அலுவலகத்தில் ஆவண அதிகாரி அவள். எந்தக் காகிதத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்று விதிப்படி கணக்கிட்டு, பெட்டிமேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவது வேலை. அந்தச் சீட்டில் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போடும்போது வருகிற சிரிப்பைப் புருஷன்கூடப் பார்த்ததில்லை என்று தெருவில் பேச்சு.

ஞாயிறன்று சர்ச் வாசலில் பக்கத்து வீட்டு ரோஸ்கோ பீஸ்லி அவளிடம் வந்து நின்றதே பெரிய செய்தி. வேலித் தகராறில் மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. ரோஸ்கோ அதே அலுவலகத்தில் கணினிப் பொறியாளனாயிருந்து ஓய்வு பெற்றவன். போன குளிர்காலத்தில் அங்கே ஓய்வூதியக் கணினி படுத்துக்கொண்டதற்கு இப்போது ஒரு குழு விசாரணை நடத்துகிறது; பழி அவன் தலையில்.

"வெர்னா, பன்னெண்டு வருஷம் முன்னாடி தொழில்நுட்பத் தலைவர் கமிட்டியில, 'இது தாங்காது, உடனே மாத்துங்க'ன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டக் குறிப்புல இருக்கும். எனக்கு வேற சாட்சி இல்ல."

"இருந்தா பத்திரமா இருக்கும். என் பெட்டியில எதுவும் தொலையாது."

"தொலையாதும்மா. வியாழக்கிழமை அழிப்பு வண்டி வந்தா தூளாயிடும்ல?"

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தக் கமிட்டியின் பதினான்கு பெட்டிகளையும் திறந்தாள். ஏழாவது பெட்டியில் ரோஸ்கோவின் எதிர்ப்பு அப்படியே இருந்தது. மூடியில் அவளுடைய சிவப்புச் சீட்டும் இருந்தது: இந்த வருஷம் அழிக்கவும். விசாரணைக்குழு எந்தப் பெட்டியையும் நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்காக விதியை வளைக்கிற ஜென்மமும் அல்ல அவள். ஆகவே விதியையே எடுத்துப் படித்தாள். ஒரு கணினி பற்றிய குறிப்புகளை, அந்தக் கணினி ஓய்ந்தபின் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றிருந்தது. அந்தக் கமிட்டி, ஏழு வருஷத்தில் கணினியை மூடிவிடுவோம் என்று எழுதியதை நம்பி, ஏழோடு ஐந்தைக் கூட்டித் தேதி போட்டிருக்கிறாள். மூடினார்களா? தினமும் காலையில் லிப்டில் ஏறும்போது அடித்தளத்திலிருந்து கேட்கிற உறுமல் வேறு எதனுடையது?

வெர்னாவுக்குக் காது சூடேறியது. பழைய சீட்டைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். வெர்னா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை அழிப்பு வண்டி வந்துவிட்டது. புதிய தொழில்நுட்பத் தலைவரின் உதவியாளன் டிரெண்ட் சூயிங்கம் மென்றபடி படிவத்தை நீட்டினான்.

"வெர்னா மேடம், ஒரு கையெழுத்து. தலைவருக்கு இந்த ரூம் வேணுமாம்."

"பதினாலு பெட்டியும் இங்கேயே இருக்கும்."

"இது உங்க சீட்டுதானே? நீங்களே தேதி போட்டுட்டு நீங்களே தடுக்கறீங்களா?"

"தப்பா போட்டுட்டேன். கீழ போய்க் காது குடுத்துக் கேளு. உயிரோட இருக்கறவனுக்கு அடக்கத் தேதி குறிச்சு வெச்சிருக்கேன்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "நீங்க? தப்பா?"

பதிலுக்கு ஒரு தாளை நீட்டினாள். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதி, கீழே வழக்கத்தைவிடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"தலைவர் ரொம்பக் கோவப்படுவாங்க மேடம்."

"எழுத்துல கோவப்படச் சொல்லு. அதுக்கும் ஒரு தேதி போட்டு வெக்கறேன்."

வண்டி காலியாகத் திரும்பியது. அடுத்த வாரம் ஏழாவது பெட்டிக் குறிப்பு விசாரணையில் வாசிக்கப்பட்டு, ரோஸ்கோவின் மேலிருந்த பழி நீங்கியது.

அந்த ஞாயிறு ஒரு தட்டு நிறைய நண்டு வடையோடு சர்ச்சுக்கு வந்தான் ரோஸ்கோ. முதல் வடை வெர்னாவுக்கு. வாயில் போட்டுக்கொண்டே, கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"முப்பத்தொரு வருஷத்துல ஒரே ஒரு தப்பு. அதையும் கண்டுபிடிச்சது யாரு? நான்தான்!"

"ரெண்டு தப்பும்மா," என்றான் ரோஸ்கோ. "உன் வேலி இன்னும் என் பக்கம் ரெண்டடி உள்ளதான் இருக்கு."

"அதுக்குக் காகிதம் வெச்சிருக்கியா?"

ரோஸ்கோ இன்னொரு வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.