பதினாறு பாகையில் நத்தார்

யதுஷா ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய வீட்டில் சாமியறையும் இருந்தது, மார்கழி பிறந்தால் கிறிஸ்து பிறப்புக்கு நத்தார் மரமும் இருந்தது. இரண்டுக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. உமாசுதனைக் கலியாணம் கட்டிக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த பிறகுதான் அந்த மரம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் மாமியார் கனகேஸ்வரி.

“நாங்கள் சைவக்காரர், பிள்ளை. நத்தாருக்கும் எங்களுக்கும் என்ன?”

“இது சமயமில்லை மாமி. அங்க அந்த நேரம் ஒரே இருட்டு, ஒரே குளிர். அதுக்குள்ள எல்லாரும் ஒண்டா இருந்து, மெழுகுதிரி கொளுத்தி, சுடச்சுடச் சாப்பிடுறதுதான்.”

கனகேஸ்வரி பல்கணிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கீழே காலி வீதி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. “இஞ்ச இருட்டும் இல்லை, குளிரும் இல்லை. பிறகு என்னத்தைக் கொண்டாடுறது?”

யதுஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு கிழமையாகவே அவளுடைய முகம் சரியில்லை. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த மாமனார் நமசிவாயம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “இருட்டு வேணுமெண்டால் திரைச்சீலையை இழுத்து விடலாம். குளிருக்கு எங்கட அறையில ஏசி இருக்கு.”

வீட்டில் அவர் ஒரு யோசனை சொல்லி அது நிறைவேறியது அதுதான் முதல் தடவை.

அடுத்தது சாப்பாடு. ஒஸ்லோவில் அன்றைக்குப் பன்றி விலாதான் பெரிய விசேஷம் என்று யதுஷா ஆரம்பித்ததுமே உமாசுதன் அவளுடைய வாயைப் பொத்தினான். “யது, வீட்டில திருவெம்பாவை விரதம். மச்சம் மாமிசம் அடுப்பில ஏறாது. அந்தச் சொல்லே குசினிக்குள்ள போகக்கூடாது.” கடைசியில் மிஞ்சியது அரிசிக் கஞ்சி ஒன்றுதான். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, மேலே சீனியும் கறுவாத் தூளும் தூவி, நடுவில் ஒரு கட்டி பட்டர் வைப்பார்கள். பானைக்குள் ஒரேயொரு பாதாம் பருப்பு ஒளிந்திருக்கும். அது யாருடைய கிண்ணத்தில் வருகிறதோ அவருக்குப் பரிசு, இனிப்பு மாவில் செய்த ஒரு பன்றிக் குட்டி.

யதுஷா கஜுப் பருப்பை அரைத்துச் சீனியோடு பிசைந்து குட்டியையும் செய்துவிட்டாள். ஆனால் கொழும்பு வெக்கைக்கு அது மேசையிலேயே இளகியது. காது சரிந்தது, மூக்கு மெல்ல நீண்டு கீழே தொங்கியது. கனகேஸ்வரி வந்து பார்த்தார்.

“அட, யானை! நல்ல வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை.”

யதுஷா வாயைத் திறந்தாள். உமாசுதன் அவளுடைய காலை மிதித்தான்.

இருபத்துநாலாந் தேதி மத்தியானம் நமசிவாயத்தின் அறையில் திரைச்சீலைகள் மூடப்பட்டன. காலையிலிருந்தே ஏசி பதினாறில் ஓடியது. யதுஷாவின் அம்மா ஆள்வசம் கொடுத்தனுப்பிய கம்பளிச் சுவெற்றர்களை எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். நமசிவாயத்தின் நெஞ்சில் இரண்டு கலைமான்கள் ஒன்றையொன்று முறைத்தன. கட்டில் நடுவில் கஞ்சிப் பானை, சுற்றிவரச் சப்பாணி கட்டிக்கொண்டு குடும்பம்.

“இனி நான் இதின்ர முறையைச் சொல்லுறன்,” என்று யதுஷா தொடங்கவும் வாசல் மணி அடித்தது. நமசிவாயம் எழுந்து போனார்.

கீழ் மாடி அலவி நின்றார். கோபத்தோடு வந்தவர், கலைமான்களைக் கண்டதும் கோபத்தை மறந்துபோனார்.

“என்ன சேர், யாருக்கும் காச்சலா?”

“இல்லையில்லை. நத்தார்.”

“ஒங்களுக்கா?” அலவிக்கு அதுவும் விளங்கவில்லை. “ஒங்கட ஏசித் தண்ணி காலையில இருந்து எங்கட உடுப்பு மேல சொட்டுது சேர். மூணாந் தடவையாக் கழுவிக் காயப் போட்டாச்சி.”

இருவரும் பல்கணிக்குப் போய்க் குழாயை எட்டிப் பார்த்து, அதன் வாயைப் பூச்சாடிக்குள் திருப்பிவிட்டார்கள். அதற்குள் உள்ளே யதுஷா முறையைச் சொல்லி முடித்திருந்தாள்: பாதாம் கிடைத்தவர் மூச்சுக் காட்டாமல் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். பானை முடிந்த பிறகுதான் காட்டலாம்.

நமசிவாயம் அலவியையும் விடாமல் உள்ளே கூட்டிவந்தார். அவருடைய தோளில் ஒரு சால்வையைப் போர்த்திக் கையில் கிண்ணத்தையும் கொடுத்தார்கள்.

“பாற்சோறு மாதிரி இருக்கு,” என்றார் அலவி.

“சக்கரை போடாத பொங்கற் புக்கை,” என்றார் கனகேஸ்வரி. ஆனாலும் இரண்டாந் தரம் கேட்டு வாங்கினார். பாதாமை விட அவருக்கு மனமில்லை. சாப்பிடச் சாப்பிட மற்றவர்களுடைய கன்னங்களையே கவனித்தார். உமாசுதன் வேண்டுமென்றே ஒரு பக்கக் கன்னத்தை உப்பிக் காட்டினான். “எங்க, வாயைத் திற!” என்று கனகேஸ்வரி அவனுடைய தாடையைப் பிடித்தார். ஒன்றுமில்லை. மூன்றாந் தரம் பரிமாறினார்கள். அலவி சால்வைக்குள் வேர்க்கத் தொடங்கினார்.

பானை வழித்துத் துடைத்தாயிற்று.

“சரி, இனிக் காட்டலாம்,” என்றாள் யதுஷா.

யாரும் காட்டவில்லை. அவள் கரண்டியால் பானையின் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். “நான் போட மறந்திட்டன் போல. அம்மா ஒரு வருஷமும் மறந்ததில்லை.”

“என்னத்தைப் பிள்ளை?” என்று கேட்டார் நமசிவாயம்.

“பாதாம் மாமா. உள்ளுக்க ஒரு பாதாம் இருக்கவேணும்.”

நமசிவாயம் தன் கலைமான்களையே குனிந்து பார்த்தார். “வழவழவெண்டு இருக்குமோ?”

“ஓம்.”

“எனக்கு ஒண்டு தட்டுப்பட்டது. நான் கல்லெண்டு நினைச்சன்.”

“எங்க அது?”

“விழுங்கிட்டன்.”

கனகேஸ்வரி கிண்ணத்தைக் கீழே வைத்தார். “கல்லெண்டு தெரிஞ்சுகொண்டே விழுங்கினீங்களோ?”

“பிள்ளை ஆசையாச் சமைச்சது. எல்லாருக்கும் முன்னால கல்லை எடுத்துக் கரையில வைச்சால் மனம் நோகாதே?”

“நாப்பது வருஷம்!” கனகேஸ்வரியின் குரல் ஏசியையும் மிஞ்சி எழுந்தது. “என்ர சோத்தில ஒரு உமி கடிபட்டாலும் தட்டத்தைத் தள்ளிப்போட்டு எழும்புற மனிசன்! மருமகள் சமைச்சால் கல்லும் இறங்குது!”

முதலில் சிரித்தது அலவி. அடக்கப் பார்த்து முடியாமல் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உமாசுதன். யதுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கடைசியில் கனகேஸ்வரிக்கும் பொறுக்க முடியவில்லை. “சிரியுங்கோ, சிரியுங்கோ,” என்று திட்டிக்கொண்டே தானும் சிரித்தார். பரிசு நமசிவாயத்துக்குப் போனது. தும்பிக்கையை அவர் அலவிக்கு முறித்துக் கொடுத்தார்.

பிறகு எல்லாரும் கூடத்துக்கு வந்தார்கள். அங்கே நுவரெலியாவிலிருந்து வாங்கிய சின்ன சைப்பிரஸ் செடி சாடியில் நின்றது. கைகோத்துப் பாட்டுப் பாடி மரத்தைச் சுற்றுவதுதான் கடைசி முறை. அலவி போனைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒஸ்லோவிலிருந்து யதுஷாவின் அம்மா கையசைத்தார். யதுஷா பாடத் தொடங்கினாள். நால்வரும் வலமாக நடந்தார்கள். இரண்டாம் அடி முடிந்ததும் அவள் மறுபக்கம் திரும்பினாள். கனகேஸ்வரி திரும்பவில்லை. இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்கள்.

“மாமி, இப்ப மற்றப் பக்கம் சுத்தவேணும்!”

“எதை வைச்சுச் சுத்தினாலும் வலந்தான் பிள்ளை. இடஞ்சுத்த ஏலாது.”

“சம்மந்தி சொல்லுறது சரி,” என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. “நான் இஞ்ச இருபத்தஞ்சு வருஷமா வலந்தான் சுத்துறன். நீ கவனிச்சதில்லை.”

யதுஷா நெற்றியைத் தடவிக்கொண்டு மாமியாரின் கையைப் பிடித்தாள். வேர்த்து வழுக்கிய அந்தக் கையை இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டு, வலமாகத் திரும்பி, நின்ற இடத்திலிருந்து பாட்டை மறுபடி தொடங்கினாள்.