கோட்டை மண்டபத்தில் ஒரு நாற்காலி

விளாஸ்தா கோட்டையைப் பார்க்க வரவில்லை. பிறந்தது முதல் வல்டாவா ஆற்றங்கரையில், அந்தக் கோட்டையின் காலடியிலேயே கிடப்பவளுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது? அவள் வந்தது ராத்காவை நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட.

ராத்கா கோட்டையில் வழிகாட்டி. விளாஸ்தாவின் கணவன் லுபோஷ் இப்போது குடித்தனம் நடத்துவது அவளோடுதான். அதைக்கூட விளாஸ்தா எப்படியோ விழுங்கிவிட்டாள். ஆனால் வருகிற சனிக்கிழமை மகள் யித்காவுக்கு இதே கோட்டை மண்டபத்தில் கல்யாணம். ஏற்பாடெல்லாம் ராத்கா. பெற்றவளுக்கு அழைப்பே இல்லை. யார் வயிறுதான் எரியாது? அழைப்பிலிருந்து தன்னை வெட்டிவிட்டது அந்தச் சிறுக்கிதான் என்பதில் விளாஸ்தாவுக்குத் துளியும் சந்தேகமில்லை.

எங்கள் பக்கத்துக் கோட்டைகளில் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. வழிகாட்டி எல்லோரையும் ஓர் அறைக்குள் விட்டு, பின்னால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பாள். நடுவில் யாரும் கழன்றுகொள்ள முடியாது, வழிகாட்டியும்தான். அதை நம்பித்தான் விளாஸ்தா சீட்டு வாங்கினாள்.

"இது சீமாட்டியோட படுக்கையறை," என்று ராத்கா ஆரம்பித்தாள்.

"மொத பொண்டாட்டியா, பின்னால வந்து ஒட்டிக்கிட்டவளா?"

ப்ர்னோ நகரத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்திருந்த கூட்டம் சிரித்தது. ராத்காவின் கழுத்து சிவந்துபோயிற்று.

"மொத சம்சாரம் வாயாடியாம்மா. அதான் பிரபு ஓடிட்டாரு."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. விளாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆயுத அறையில் மறுபடி சீண்டினாள். "இத்தன வாள் இருந்தும் திருட வந்தவள ஒருத்தனும் வெட்டலியா?"

"திருடலம்மா. நீங்க தெருவுல வீசினத நான் பொறுக்கிக்கிட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் சுவரிலிருந்த கேடயத்தை அவசரமாக ஆராயத் தொடங்கினார்.

கடைசியாக மண்டபம். வெள்ளை ரிப்பன் கட்டிய நாற்காலிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. முதல் வரிசையில் லுபோஷ், பக்கத்தில் ராத்கா. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் தன் பெயரைப் படித்ததும் விளாஸ்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"கடைசி வரிசையா? பெத்தவளுக்கா? உனக்கு எவ்ளோ திமிருடி!"

கூட்டத்தை ஓவியங்களின் பக்கம் அனுப்பிவிட்டு ராத்கா கிட்டே வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது, விஷம் குறையவில்லை.

"அழைப்பும் வேணாம், நாற்காலியும் வேணாம்னா உன் மக. நாந்தான் கெஞ்சிக் கூத்தாடி நாற்காலியாவது போட்டேன். உன் மேல பாசம்னு நெனச்சிக்காத. பெத்தவள வெரட்டிட்டான்னு ஊரு என் மூஞ்சில காறித் துப்பும், அதுக்குத்தான்."

"பொய் சொல்றே."

"அவ பள்ளிக்கூடக் கடைசி நடன விழாவுல என் தலையில உருளைக்கிழங்கு சாலட்டக் கவுத்தியே, அன்னைக்கு ராத்திரி பூரா அழுதது யாருன்னு நெனக்கிறே? நானா?"

அந்தச் சாலட் கதையை விளாஸ்தா பல வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ராத்காவின் முடியில் ஒட்டியிருந்த வெள்ளரித் துண்டு வரைக்கும் சொல்வாள். அப்போது யித்கா எங்கே நின்றிருந்தாள் என்று இன்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவே இல்லை. அன்று மகள் போட்டிருந்த புது உடுப்பு என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை.

ஓடிவிடத்தான் தோன்றியது. இரண்டு கதவும் பூட்டியிருந்தன. கூட்டம் ஓவியங்களை முடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. ராத்கா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளிவாசலை நோக்கி நடந்தாள். விளாஸ்தாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை, இனிமேலும் பிடிக்கப்போவதில்லை. ஆனால் கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

"சனிக்கெழம எத்தன மணிக்கு?" என்றாள் விளாஸ்தா.

ராத்கா திரும்பாமலே சொன்னாள். "பதினொண்ணுக்கு. வந்தா வாயத் தொறக்கக் கூடாது."

விளாஸ்தா தலையாட்டினாள்.