சுப்புராயனுக்கு மட்டும் காம்லி

அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய வருஷங்கள் அவை. கல்மண்டபம் பக்கம், துறைமுகத்துச் சரக்கை எடுத்து அனுப்பும் கிளியரிங் கம்பெனி ஒன்று கிடங்கு வைத்திருந்தது. மாடியில் ஆபீஸ். அங்கே ஹில்டா ஸ்டெனோவாக இருந்தாள். கீழே கிழிந்த மூட்டைகளைத் தைத்துக் கொடுக்கப் பெண்கள் இருந்தார்கள். கெங்கம்மா அவர்களில் ஒருத்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் சுப்புராயனைக் கெங்கம்மா கன்னத்தில் அறைந்துவிட்டாள். மறுநாள் காலையே மேனேஜர் தேவப்பிரியம் விசாரணை வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் ஒருமையில் அழைத்துப் பேசமாட்டார். ஆங்கிலம் அவருக்கு அத்தனை அழகாக வரும். சாட்சிகள் தமிழில் சொல்ல வேண்டியது, அவர் அதை ஆங்கிலமாக்கிச் சொல்ல வேண்டியது, ஹில்டா சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடிக்க வேண்டியது. இதுதான் ஏற்பாடு.

முதலில் சுப்புராயன் பேசினான்.

"மடியில கோதுமை வச்சிருக்காளோன்னு சந்தேகம் சார். காட்டுன்னு சொன்னேன். மாட்டேன்னா. கையைப் புடிச்சேன். அறைஞ்சிட்டா."

தேவப்பிரியம் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். 'சொன்னேன்' என்பது 'காம்லி' சொன்னேன் என்றாயிற்று. 'கையைப் பிடித்தேன்' என்பதற்கு முன்னால் ஒரு 'ஜென்ட்லி' வந்து உட்கார்ந்தது. அவள் மறுத்தபோது அவன் 'பேஷண்ட்லி' காத்திருந்தானாம். ஹில்டாவின் பென்சில் ஒரு கணம் நின்றது. நிதானமாக, மென்மையாக, பொறுமையாக என்றெல்லாம் அந்த ஆள் எங்கே சொன்னான்? ஆனாலும் எழுதினாள். எழுதுவதுதானே வேலை.

அடுத்து கெங்கம்மா.

"புடவைய வுடு, நானே ஒதறிக் காட்றேன்னு சொன்னேன் சார். வுடல. அத்தினி ஆம்பளைங்க பாத்துகினு நிக்கிறாங்கோ, மடிய புட்ச்சி இஸ்தான். அட்ச்சேன்."

இவளும் 'சொன்னேன்' என்றுதான் சொன்னாள். தேவப்பிரியம் வாயில் அது 'கத்தினாள்' என்று மாறியது. அடித்தது 'வயலென்ட்லி', அதாவது மூர்க்கமாக, என்று ஆயிற்று. இழுத்ததோ, 'சேலையில் கைபட்டிருக்கலாம்' என்று தேய்ந்து போயிற்று.

ஹில்டாவுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. கான்வென்ட்டில் படித்தபோது ஒரு வினைச்சொல்லைக் கொடுத்து, அதை எப்படிச் செய்தார்கள் என்று ஒரு சொல் சேர்த்து எழுதச் சொல்வார்கள். மாதா கோயிலுக்குள் குழந்தைகள் 'கொயட்லி' நடந்தார்கள் என்று எழுதி அவள் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நடந்தவர்களைக் கண்ணால் பார்த்துத்தான் அப்படி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தாள். பார்க்காமலே, வேண்டியவனுக்கு ஒன்றும் வேண்டாதவளுக்கு ஒன்றுமாக எடுத்துக் கொடுக்கலாம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

டைப் அடித்து முடித்ததும், "கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னால அந்த அம்மாவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க" என்றார் தேவப்பிரியம். ஹில்டா ஒரு சொல் விடாமல் படித்தாள். மென்மையாகக் கையைப் பிடித்தார் என்ற இடம் வந்ததும் கெங்கம்மா எழுந்துவிட்டாள்.

"இன்னாது? மென்மையாவா? அவன் இஸ்த இஸ்ப்புல பொடவ கியிஞ்சி கீதும்மா! வூட்ல வச்சிருக்கேன், எட்த்தாந்து காட்டவா?"

"பார்த்தீங்களா," என்றார் தேவப்பிரியம். "இந்தக் கத்தலைத்தான் நான் எழுதச் சொன்னேன்."

"சார்," என்றாள் ஹில்டா. "நிதானமா சொன்னேன்னு சுப்புராயன் சொல்லவே இல்லையே. நீங்கதான் சேர்த்தீங்க."

"ஹில்டா, இங்கிலீஷ்ல அப்படி எழுதினாத்தான் வாக்கியம் மரியாதையா இருக்கும்."

"அந்த மரியாதை கெங்கம்மாவுக்கு ஏன் இல்ல? ரெண்டு பேரும் சொன்னேன்னுதான சொன்னாங்க? நீங்களும் அங்க இல்ல, நானும் இல்ல. அவன் மெதுவா புடிச்சான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"சத்தம் போடாதீங்க."

"போடுவேன் சார்!"

தான் கத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. நிறுத்தத் தோன்றவில்லை.

கெங்கம்மா கைநாட்டு வைக்கவில்லை. படியிறங்கிப் போய், தன்னைப் பற்றி மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மூட்டை தைக்கிறவர்களிடம் சொன்னாள். ஊசிகள் கீழே விழுந்தன. தைக்காத மூட்டையை லாரியில் ஏற்றினால் கோதுமை வழியெல்லாம் சிந்தும். மத்தியானத்துக்குள் லாரிகள் வாசலை அடைத்துத் தெருவரை நின்றன. ஹாரன் சத்தத்தில் மாடியில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு தேவப்பிரியம் வேறு வழியில்லாமல் அந்தப் பெண்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர்களில் நான்கு பேர் பார்த்ததைச் சொன்னார்கள். இம்முறை அவர் எதையும் சேர்க்கவில்லை. மடியைப் பிடித்தான், இழுத்தான், அறைந்தாள் என்று வாக்கியங்கள் மொட்டையாக விழுந்தன.

கெங்கம்மாவுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கை மட்டும் கிடைத்தது. சுப்புராயனை எண்ணூர் யார்டுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. போகிற அன்று கழுத்தில் மாலையும் மரியாதையுமாகத்தான் போனான். கீழே நின்றிருந்த கெங்கம்மா காறித் துப்பினாள்.

ஹில்டாவுக்கும் ஒரு மெமோ வந்தது. ஆபீஸில் வேறு ஸ்டெனோ கிடையாது. அதையும் அவளிடம்தான் தேவப்பிரியம் சொல்லி எழுத வைக்க வேண்டியிருந்தது. மேலதிகாரியிடம் அவமரியாதையாகக் கத்தினாள் என்று அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொல்ல, அவள் பிழையில்லாமல் அடித்து, 'கத்தினேன்' என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். 'அவமரியாதையாக' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்திருந்தாள். அவர் பார்த்தார். அப்படியே ஃபைலில் வைத்தார்.

அடுத்த மாதத்திலிருந்து விசாரணை என்றால் ஹெட் ஆபீஸிலிருந்து ஹென்றி என்று ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். ஹில்டாவை அந்த அறைக்குள் கூப்பிடவில்லை. ஒரு நாள் கெங்கம்மா படியில் அவளை மறித்துக் கேட்டாள்.

"அந்தப் புது ஆளு இங்கிலீசு நல்லா எய்துவானாம்மா?"

"நம்ம சார் மாதிரியே ரொம்ப நல்லா எழுதுவாரு," என்றாள் ஹில்டா. "அதான் வயிறு எரியுது."